மொட்டை மாடிக்கு ஷீட் கூரை: வாங்கும் முன் பொருள் கணக்கிடும் முறை

மொட்டை மாடியில் ஷீட் கூரை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் மாடியின் நீள அகலத்தைப் பெருக்கி, வரும் சதுர அடியை ஒரு ஷீட்டின் சதுர அடியால் வகுத்து, அந்த எண்ணோடு கடைக்குப் போகிறார்கள். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள மாடிக்கு இப்படிக் கணக்கிட்டால், மூன்றரை அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஷீட் 15 போதும் என்று விடை வரும். கூரையின் சாய்வையும் சுற்றிலும் வெளியே நீட்டும் பகுதியையும் சேர்த்துக்கொண்டு அதே வகுத்தலைச் செய்தால் 18 வரும். உண்மையில் அந்தக் கூரைக்கு 20 ஷீட் வேண்டும். இந்த மூன்று எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்பது புரிந்துவிட்டால், கூரைக்குப் பொருள் கணக்கிடும் வேலையில் பெரும்பகுதி புரிந்த மாதிரிதான். பரப்பை வகுப்பது விலையை உத்தேசமாக அறிய மட்டுமே உதவும்; வாங்குவதற்கான கணக்கை, தாளில் ஷீட்டை ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணித்தான் போட வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 30க்கு 20 அடி மாடியையே எடுத்துக்கொள்வோம். நடுவில் முகடு, இருபுறமும் வாட்டம், தமிழ்நாட்டுக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வண்ணப்பூச்சுள்ள இரும்பு ஷீட் என்று வைத்துக்கொள்வோம். வாசகர் தம் வீட்டு அளவுகளை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அளவெடுப்பது

டேப்பைக் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் வைத்து அளப்பது பொதுவாக நடக்கும் தவறு. கூரை நிற்கப்போவது தூண்களின் மேல் என்பதால், தூண்கள் வரும் இடங்களை முதலில் தரையில் குறித்துவிட்டு, ஓரத் தூண்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். தூண்கள் கூடியவரை கீழே உள்ள கான்கிரீட் தூண்களுக்கோ பீம்களுக்கோ நேர் மேலே வரவேண்டும். வெறும் தளத்தின் நடுவில் தூண் நிறுத்துவதானால், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் செய்யக்கூடாது. 20 அடி இடைவெளியைத் தாண்டும் சட்டங்களின் பருமனையும் அவரே முடிவு செய்யட்டும். இங்கே நாம் பார்ப்பது எவ்வளவு வாங்குவது என்பதை மட்டுமே.

நீள அகலத்தை அளந்தபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்ப்பது அவசியம். 30க்கு 20 அடிச் செவ்வகத்தில் மூலைவிட்டம் ஏறத்தாழ 36 அடி முக்கால் அங்குலம் இருக்க வேண்டும். இரண்டும் சமமாக வந்தால்தான் மூலைகள் மட்டமாக இருக்கின்றன என்று பொருள். பழைய வீடுகளில் ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட ஐந்தாறு அங்குலம் கூடுதலாக இருப்பது அரிதல்ல. சுவரை நம்பி அந்தக் கோணலிலேயே சட்டம் அமைத்துவிட்டால், நேராக வெட்டப்பட்டு வரும் ஷீட்டுகள் ஓரத்தில் படிக்கட்டுபோல் ஏறி இறங்கி நிற்கும். அதைச் சமன்செய்ய ஒவ்வொரு ஷீட்டையும் கூடுதல் நீளத்தில் வாங்கி வெட்ட நேரிடும். கோணலைச் சுவரோடு விட்டுவிட்டு, தூண்களை மூலைமட்டமான செவ்வகத்தில் நிறுத்துவதே நல்லது.

அடுத்து, கூரை வெளியே எவ்வளவு நீட்ட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். மழைநீர் இறங்கும் பக்கத்தில் ஒன்றரை அடியும், முகட்டின் இரு முனைகள் இருக்கும் பக்கத்தில் ஓரடியும் நம் எடுத்துக்காட்டுக்குப் போதும். சாரல் அதிகம் அடிக்கும் பக்கம் எது என்பது அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அங்கே அரையடி கூட்டுவதில் தவறில்லை. ஆனால் கூரைநீர் அடுத்த மனையில் விழுமானால் நீட்டலைக் குறைத்து, ஓரத்தில் கட்டர் (கூரைநீரைப் பிடிக்கும் வாய்க்கால் தகடு) பொருத்திக் குழாய் வழியே நம் பக்கத்திலேயே இறக்கிவிட வேண்டும். இதில் பின்னால் வரும் சண்டைக்கு எந்தக் கணக்கும் உதவாது.

சாய்வைச் சேர்த்துக்கொள்வது

ஷீட் தரைக்கு இணையாகப் படுப்பதில்லை, சாய்ந்து கிடக்கிறது; ஆகவே அதன் நீளம் தரையில் அளந்த நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கும். முகட்டிலிருந்து தூண்வரை 10 அடி, நீட்டல் ஒன்றரை அடி, ஆக 11½ அடி கிடைநீளம். 10 அடிக்கு 2 அடி உயரம், அதாவது ஐந்துக்கு ஒன்று என்று வாட்டம் வைத்தால், சாய்நீளம் 11 அடி 8¾ அங்குலம் வரும். இதற்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐந்துக்கு ஒன்று வாட்டத்துக்குக் கிடைநீளத்தை 1.02 ஆல் பெருக்கினால் போதும். மூன்றுக்கு ஒன்று என்றால் 1.054 ஆலும், இரண்டுக்கு ஒன்று என்றால் 1.118 ஆலும் பெருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற மிகக் குறைந்த வாட்டத்தில் இந்தக் கூடுதல் அரை சதவீதம்தான் என்பதால் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

எழுதிப் பார்க்க விருப்பமில்லாதவர்கள், ஒரு நூலை முகடு வரும் உயரத்திலிருந்து ஓரம் வரை இழுத்துப் பிடித்து அளந்துகொள்ளலாம். இரு முனைகளின் உயர வேறுபாட்டை டியூப் லெவலால் (நீர் நிரப்பிய மட்டக்குழாயால்) சரிபார்த்துவிட்டால், விடை கணக்குப் போட்டு வருவதைப் போலவே சரியாக இருக்கும்.

பல கடைகளில் ஷீட்டை நாம் சொல்லும் நீளத்துக்கே வெட்டித் தருவார்கள். சில கடைகளில் முழு அடிக் கணக்கில் மட்டும் கிடைக்கும். நமக்குத் தேவை 11 அடி 8¾ அங்குலம். முகட்டில் இரு பக்க ஷீட்டுகளும் முட்டிக்கொள்ளாமல் ஓரங்குலம் விட வேண்டும் என்பதால் உண்மையில் அதற்கும் சற்றுக் குறைவு. 12 அடியாக வாங்கி, மிஞ்சும் மூன்று நான்கு அங்குலத்தை ஓரத்தில் நீட்டலாக விட்டுவிடலாம். ஒரு பக்கத்து வாட்டம் 20 அடிக்கு மேல் நீண்டால் ஒரே ஷீட்டாகக் கொண்டுவருவது தெருவையும் மாடிப்படியையும் பொறுத்தது. இரண்டாகப் போடுவதானால் மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் குறைந்தது 6 அங்குலமும், வாட்டம் குறைவாக இருந்தால் 9 அங்குலமும் ஏற வேண்டும். அந்த நீளத்தையும் வாங்கும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஷீட்டை எண்ணுவது

கடையில் மூன்றரை அடி ஷீட் என்று சொல்வது அதன் முழு அகலம். பக்கத்து ஷீட்டின் மேட்டின்மேல் இதன் ஓர மேடு ஏறி உட்காருவதால், கூரையை மூடப் பயன்படும் அகலம் அதைவிடக் குறைவு. பல ரகங்களில் அது ஒரு மீட்டர், அதாவது 3 அடி 3⅜ அங்குலம். ரகத்துக்கு ரகம் இது மாறும் என்பதால், கடைக்காரர் சொல்வதை மட்டும் ஏற்றுக்கொள்ளாமல், இரண்டு ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைக்கச் சொல்லி, முதல் ஷீட்டின் விளிம்பிலிருந்து இரண்டாவது ஷீட்டின் அதே பக்க விளிம்பு வரை டேப் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அளவுதான் கணக்குக்கு வேண்டியது. கட்டணம் மட்டும் முழு அகலத்துக்கே போடப்படும்.

நம் கூரையின் முகட்டு நீளம், இரு முனை நீட்டலையும் சேர்த்து 32 அடி. அதை 3 அடி 3⅜ அங்குலத்தால் வகுத்தால் ஒன்பதே முக்கால் வரும். முக்கால் ஷீட் என்று ஒன்று கிடையாது. பக்கத்துக்கு 10, இரு பக்கத்துக்கும் 20. நீளம் 12 அடி வீதம் 240 ரன்னிங் அடி. பத்து ஷீட்டும் சேர்ந்து ஏறத்தாழ 33 அடியை மூடும்; கூடுதலாக வரும் ஓரடியை முனைக்கு அரையடியாக நீட்டிவிடலாம், அல்லது நடுவில் சில சேர்ப்புகளில் இரண்டு மேடுகள் ஏறும்படி போட்டுச் சரிக்கட்டலாம். சாரல் படும் பக்கத்தில் அப்படி இரட்டை மேடாகப் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய இன்னொரு பரிசோதனை உண்டு. கூரையின் மொத்த நீளத்தை 29½ அடிக்குள் அடக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் பக்கத்துக்கு 9 ஷீட் போதும், இரண்டு ஷீட் மிச்சம். ஓரத் தூண்களை ஓரடிக்குச் சற்று அதிகமாக உள்ளே நகர்த்தினால் இது நடக்கும். முப்பது அடியாக வைத்தாலோ மீண்டும் பக்கத்துக்குப் பத்துதான் வேண்டும். ஆறு அங்குலத்துக்காக இரண்டு ஷீட் வாங்குவது வீண். ஷீட் அகலத்தின் மடங்கில் கூரையின் நீளத்தை அமைத்துக்கொள்வது கட்டும் முன் மட்டுமே முடியும்.

தடிமனைப் பற்றியும் ஒரு சொல். 0.50 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் அது பூச்சையும் சேர்த்த மொத்தத் தடிமனா, உள்ளிருக்கும் இரும்பின் தடிமன் மட்டுமா என்று கேட்டுத் தெளிய வேண்டும். இரண்டுக்கும் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது, ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் சொல்லியிருந்தால் மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது. பொருளின் எண்ணிக்கையை இது மாற்றாது, ஆனால் அடியில் ஷீட்டைத் தாங்கும் பர்லின் குழாய்களின் இடைவெளியை மாற்றும். மெல்லிய ஷீட்டுக்கு நெருக்கமாகப் பர்லின் வேண்டும்.

பர்லினும் சட்டமும்

ஷீட்டைத் தாங்கும் கிடைக்குழாய்களைப் பர்லின் என்கிறார்கள். நான்கடிக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பது நல்லது. 12 அடி ஷீட்டில், கீழ் ஓரத்திலிருந்து 9 அங்குலம் விட்டு ஒன்று, முகட்டிலிருந்து 6 அங்குலம் விட்டு ஒன்று. இடையில் மிஞ்சும் 10 அடி 9 அங்குலத்தை மூன்றாகப் பிரித்தால் 3 அடி 7 அங்குலம் வீதம் வரும். ஆக ஒரு பக்கத்துக்கு நான்கு வரிசை, மொத்தம் எட்டு வரிசை. வரிசைக்கு 32 அடி என்றால் 256 அடி.

இங்கேயும் வகுத்தல் ஏமாற்றும். 256ஐ 20ஆல் வகுத்தால் 13 குழாய் என்று வரும். ஆனால் கடையில் 20 அடி என்று சொல்லும் குழாய் உண்மையில் 6 மீட்டர், அதாவது 19 அடி 8 அங்குலம். ஒரு வரிசைக்கு ஒரு முழுக் குழாயும், இன்னொன்றிலிருந்து 12 அடி 4 அங்குலத் துண்டும் வேண்டும். வெட்டியபின் மிஞ்சும் 7 அடி 4 அங்குலம் அடுத்த வரிசைக்கு ஒற்றைத் துண்டாகப் போதாது. ஒரு வரிசையில் ஒரு சேர்ப்புக்கு மேல் வேண்டாம் என்றால் 16 குழாய் வாங்க வேண்டியிருக்கும். துண்டுகளை ஒட்டவைத்து இரண்டு மூன்று சேர்ப்புகளோடு சமாளிப்பது குழாய்ச் செலவைக் குறைக்கும். ஆனால் ஒவ்வொரு சேர்ப்பும் தாங்கு சட்டத்தின் மேலோ அதை ஒட்டியோ வரவேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ அடிக்க ஏறும் ஆளின் எடைக்கே அது வளையும். மாறாக, மேலே சொன்னபடி நீளத்தை 29½ அடியாக வைத்துக்கொண்டால், ஒன்றரைக் குழாய் ஒரு வரிசைக்குச் சரியாகப் பொருந்தும். எட்டு வரிசைக்கு 12 குழாய், துண்டே மிஞ்சாது. நீளத்தில் இரண்டரை அடி விட்டுக்கொடுத்ததற்கு இரண்டு ஷீட்டும் நான்கு குழாயும் குறைகின்றன. மாடியில் அந்த இடம் உண்மையிலேயே வேண்டுமா என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்; ஆனால் இந்தத் தேர்வு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது.

பர்லினைத் தாங்கும் முக்கோணச் சட்டங்களை 10 அடிக்கு ஒன்றாக நிறுத்தினால் நான்கு சட்டம், எட்டுத் தூண். ஒவ்வொரு சட்டத்திலும் மேலே இரண்டு சாய்குழாய் வேண்டும். ஒரு குழாயில் ஒரு சாய்குழாய் வெட்டியபின் ஏழு எட்டு அடித் துண்டு மிஞ்சும். அந்தத் துண்டுகளிலிருந்தே உள்ளே வரும் நெட்டுக் குத்துகளையும் குறுக்குச் சட்டங்களையும் வெட்டிக்கொள்ளும்படி வரைபடத்தைப் போட்டுக்கொண்டால், அவற்றுக்கென்று தனியே வாங்க வேண்டியது குறையும். கீழே வரும் 20 அடிக் கிடைக்குழாய்தான் சிக்கலான இடம்: 19 அடி 8 அங்குலக் குழாய் நான்கு அங்குலம் குறையும். தூண்களின் வெளி அகலத்தையே 19 அடி 8 அங்குலமாகக் குறித்துவிட்டால் சேர்ப்பே வராது. தூண் உயரத்திலும் இதே சிந்தனை வேண்டும். ஒன்பதரை அடித் தூண் ஒரு குழாயில் இரண்டு கிடைக்கும். பத்தடியாக வைத்தால் ஒன்றுதான் கிடைக்கும்.

குழாய் எடைக்கு விற்கப்படுகிறது என்பதால், எண்ணிக்கையோடு எடையையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பது நல்லது. 40க்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய் 2 மில்லிமீட்டர் தடிமனில் மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ இருக்கும். ஒரு முழு நீளம் 14 கிலோவை ஒட்டி வரும். அதே குழாய் 1.6 மில்லிமீட்டர் என்றால் ஒரு நீளம் பதினொன்றரைக் கிலோ அளவில்தான் நிற்கும். எடைமேடையில் பத்துக் குழாய் வைத்துப் பார்த்தால், கேட்ட தடிமன் வந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் முள்ளுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு பிளேட்டும் நான்கு ஆங்கர் போல்ட்டும் என்றால் எட்டுப் பிளேட், 32 போல்ட். தளத்தின்மேல் தட்டோடு பதித்திருந்தால், அதைப் பெயர்த்துக் கான்கிரீட்டில்தான் போல்ட் இறங்க வேண்டும். பெயர்த்த இடத்தை நீர்க்கசிவு இல்லாமல் பூசுவதற்கான பொருளும் பட்டியலில் சேரட்டும்.

ஸ்க்ரூ, முகடு, கட்டர்

ஸ்க்ரூவைச் சில்லறைப் பொருள் என்று எண்ணி யாரும் கணக்கிடுவதில்லை. வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். ரப்பர் வாஷர் உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ ஷீட்டின் கீழ் ஓரப் பர்லினிலும் முகட்டுப் பர்லினிலும் ஐந்து வீதமும், நடுப் பர்லின் இரண்டிலும் மூன்று வீதமும் என்றால் ஷீட்டுக்கு 16. 20 ஷீட்டுக்கு 320. பக்கத்துப் பக்கத்து ஷீட்டுகள் சேரும் கோட்டில், பர்லின்களுக்கு இடையில் ஒவ்வொன்று என்று ஒரு சேர்ப்புக்கு மூன்று. ஒரு பக்கத்துக்கு ஒன்பது சேர்ப்பு, இரு பக்கமும் 54. முகட்டுத் தகட்டின் இரு விளிம்புகளிலும் அடிக்கு ஒன்று வீதம் 66. மொத்தம் 440. கை தவறி விழுவதும் தலை மழுங்குவதும் உண்டு என்பதால் பத்தில் ஒரு பங்கு கூட்டி, 500 ஆக வாங்கிவிடலாம். ஷீட்டின் மேட்டில் அடிப்பதானால், மேட்டின் உயரத்தைக் கடந்து பர்லினையும் துளைக்கும் நீளம் வேண்டும். பள்ளத்தில் அடிக்கும் குட்டை ஸ்க்ரூவும் அதுவும் ஒரே விலையல்ல. மேட்டில் அடித்தால் தண்ணீர் ஓடும் பாதையில் துளை விழாது என்பதால், பலரும் மேட்டையே விரும்புகிறார்கள்.

இந்த எண்ணிக்கை எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. இந்தியத் தரநிலை 875இன் மூன்றாம் பகுதி, கட்டடங்களுக்கான அடிப்படைக் காற்று வேகமாகச் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டரையும் மதுரைக்கு 39 மீட்டரையும் கொள்கிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அதே கூரையைச் சென்னைக் காற்று மதுரைக் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பிய்க்கப் பார்க்கும். 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலில் ஓலைக்கொட்டகைகளோடு ஷீட் கூரைகளும் பறந்தன. கூரையைக் காற்று அடிப்பதைவிட அடியிலிருந்து தூக்குவதுதான் அதிகம்; அதுவும் ஓரங்களிலும் முனைகளிலும். ஆகவே கடலோர மாவட்டங்களில் ஓர வரிசைகளில் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ அடிப்பதும், பர்லின் இடைவெளியை மூன்றடியாகக் குறைப்பதும் வீண்செலவல்ல. அப்படிச் செய்தால் எண்ணிக்கை ஏறும். மேலே சொன்ன முறையிலேயே மீண்டும் எண்ணிக்கொள்ளலாம்.

முகட்டுத் தகடு எட்டடி நீளத்தில் வந்தால், ஒன்றன்மேல் ஒன்று 6 அங்குலம் ஏறவேண்டும் என்பதால் ஏழரை அடியாகக் கொள்ள வேண்டும். 33 அடிக்கு ஐந்து. கட்டர் பத்தடித் துண்டானால் பக்கத்துக்கு நான்கு, அதோடு முனை மூடிகள், மூன்றடிக்கு ஒன்றாகத் தாங்கு கிளிப்புகள், இறங்கு குழாய். இந்தக் கூரை 33க்கு 23 அடி, அதாவது ஏறத்தாழ 70 சதுர மீட்டர் மழையைப் பிடிக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் என்பதால், ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 3,500 லிட்டர் இறங்கும். பக்கத்துக்கு ஒரே ஒரு சிறு குழாய் வைத்துவிட்டு, கட்டர் நிரம்பி வழிகிறது என்று பிறகு வருந்துவதைவிட, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முனையிலும் குழாய் வைப்பது மேல். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், அந்தக் குழாய்கள் தொட்டிவரை செல்லும் தூரத்தையும் வளைவுகளையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஓடு போடுவதானால்

இரும்பு ஷீட்டின் வெப்பம் பிடிக்காமல் மங்களூர் ஓட்டைத் தேடுவோர் இப்போதும் உண்டு. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழியே நம் ஊர்களுக்கு வந்த இந்த ஓட்டுக்கும் கணக்கு முறை அதேதான். ஆனால் வாட்டம் வேறு. அடிக்கு 7 அங்குலம் ஏற்றம் என்று வைத்தால் நம் 11½ அடிக் கிடைநீளம் 13 அடி 4 அங்குலமாகும். கூரைப்பரப்பு 850 சதுர அடி. நூறு சதுர அடிக்கு 140 ஓடு என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி 1,190 வரும். வரிசையாக எண்ணினால், ஒரு ஓடு நெடுக்கில் மூடும் நீளம் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர், குறுக்கில் 21 சென்டிமீட்டர். பக்கத்துக்கு 13 வரிசை, வரிசைக்கு 47, இரு பக்கமும் 1,222. ஷீட்டைப் போலன்றி ஓடு ஏற்றி இறக்குவதிலேயே உடையும், பின்னாளில் அதே அச்சில் கிடைக்காமலும் போகலாம். ஆகவே ஐந்து சதவீதம் கூட்டி 1,300 வாங்கி, மிஞ்சியதை மாடியின் ஒரு மூலையில் அடுக்கி வைக்கலாம். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் வரிசைக்கு ஒன்றும், கீழ் ஓரத்தில் கூடுதலாக ஒன்றும் என்று பக்கத்துக்கு 14. 32 அடி வீதம் மொத்தம் 896 அடி.

எடையைத்தான் மறக்கக்கூடாது. ஒரு ஓடு இரண்டு முதல் மூன்று கிலோ வரை இருக்கும் என்பதால், ஓடு மட்டுமே மூன்று டன்னை ஒட்டி வரும். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். ஷீட்டுக்குப் போட்ட சட்டத்தின்மேல் ஓட்டை ஏற்றவே கூடாது.

சிமென்ட் ஷீட்டுக்கு மூன்று வேறுபாடுகளைச் சொல்லிவிட்டால் போதும். அதன் அகலம் 1.05 மீட்டர், மூடும் அகலம் 1.01 மீட்டர். நீளம் ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே கிடைக்கும். நம் கூரையின் சாய்நீளத்துக்கு ஒரு 2 மீட்டர் ஷீட்டும் ஒரு 1.75 மீட்டர் ஷீட்டும் 15 சென்டிமீட்டர் ஏறும்படி போட வேண்டும், அதாவது ஒவ்வொன்றிலும் 20. பர்லின் இடைவெளி 1.4 மீட்டரைத் தாண்டக்கூடாது, சேர்ப்பு கட்டாயம் பர்லின்மேல் வரவேண்டும். கல்நார் கலந்த பழைய வகையை வெட்டும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், நானாக இருந்தால் வீட்டுக்கு அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வாங்கும் நாளில்

நான்கு பக்கமும் வாட்டம் உள்ள கூரைக்கும், இரண்டு கூரைகள் ஓரிடத்தில் கூடிப் பள்ளமாகும் கூரைக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சாய்வாக வெட்டியெறியும் பகுதிக்காகப் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூட்ட வேண்டும். நேரான இரு வாட்டக் கூரையில் ஷீட் சரியாக எண்ணப்பட்டிருந்தால் கூடுதலாக ஒன்றுகூட வாங்கத் தேவையில்லை. முகட்டுத் தகடு, கட்டர் உட்பட எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும். மாதம் கழித்து வாங்கும் அதே நீலம் அதே நீலமாக இருப்பதில்லை.

ரசீதில் ஷீட்டின் ரகம், மொத்தத் தடிமன், முழு அகலம், ஒவ்வொரு நீளத்திலும் எத்தனை எண்ணிக்கை, மொத்த ரன்னிங் அடி என்று தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘240 அடி’ என்று மட்டும் எழுதினால், பத்தடி ஷீட் 24 வந்து இறங்கினாலும் ரசீதின்படி கடைக்காரர் சொல்வது சரியாகவே இருக்கும். வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு கட்டிலும் மேலிருந்து ஒன்றையும் நடுவிலிருந்து ஒன்றையும் உருவி நீளத்தை அளந்து, எண்ணிக்கையையும் சரிபார்த்தபிறகு கையெழுத்திட வேண்டும். பாதுகாப்புக்காக மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை, கூரையில் ஏற்றியதும் வெயிலில் இறுகிப்போவதற்குள் உரித்துவிடச் சொல்லுங்கள்.